ஆடி மழையில் தேன்பெட்டியைக் காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், அருமனை, குலசேகரம், களியல் பக்கம், ரப்பரையும் தென்னையையும் நம்பி நியூட்டன் பெட்டியில் (கீழறை, மேலறை என்று சட்டங்கள் மாட்டிய மரப்பெட்டி) இந்தியத் தேனீ வளர்ப்பவர்களுக்காக எழுதியது. வைகாசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் முக்கால்வாசி ஒரே சங்கதிதான்: “அண்ணே, ஈ குறைஞ்சுகிட்டே போகுது, என்ன செய்ய?” அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்தான் இவை.

நம் ஊரில் பனிக்காலமே கிடையாதே. பிறகு ஏன் இந்த நாலைந்து மாதத்தில் மட்டும் இத்தனை தேனீக் குடும்பங்கள் அழிகின்றன?

குளிர் நாட்டில் பனி செய்யும் வேலையை இங்கே மழை செய்கிறது. ரப்பர் மரம் மார்கழியில் இலை உதிர்த்து, தை மாதத்தில் தளிர் விடும். நமக்குத் தேன் தருவது ரப்பர் பூ அல்ல, அந்தத் தளிர்தான். மூன்று சிற்றிலையும் காம்போடு சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் மதுரம் ஊறும். காலையில் ஒரு தளிரைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், ஊசிமுனை அளவுக்குப் பளபளவென்று நிற்பது தெரியும். மாசி, பங்குனி, சித்திரைப் பாதி வரை அந்த ஊற்று ஓடும். இலை முற்றிக் கரும்பச்சை ஆனதும் நின்றுவிடும்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பம். ஊற்று நிற்கும் நாளில் குடும்பத்தில் ஈக்கள் உச்சத்தில் இருக்கும். சாப்பிடும் வாய் அத்தனையும் உள்ளே, வருமானம் சுழி. அடுத்த சில வாரத்தில் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, இறங்கும். தொடர்ந்து பத்து நாள் ஈ வெளியே தலைகாட்ட முடியாது. பூத்திருக்கும் கொஞ்சநஞ்சப் பூவிலும் மதுரத்தை மழை கழுவிவிடும். வரவு இல்லையென்று தெரிந்ததும் ராணி முட்டையைக் குறைத்துவிடும். கிழட்டு ஈ சாகும், அதன் இடத்துக்குப் புது ஈ வராது. புரட்டாசி கடைசி வரை இதே கதைதான்.

தேன் எடுக்கும்போது எவ்வளவு விட்டுவைக்க வேண்டும்?

மேலறையில் இருப்பதுதான் உங்களுக்கு. கீழறையில் புழு அடையின் (ஈக்குஞ்சுகள் வளரும் அடை) மேல் வளைவில் இருக்கும் தேன் ஈக்களுடையது, அதில் கை வைக்கக் கூடாது. சித்திரை நடுவில் கடைசியாக எடுக்கும்போது மேலறையிலேயே இரண்டு சட்டத்தை (அடை கட்டிய மரச்சட்டம்) மூடி போட்ட தேனோடு விட்டுவிடுங்கள்.

தொழிலுக்கு வந்த மூன்றாம் வருஷம் எனக்கு இந்தப் புத்தி இல்லை. அந்த ஆண்டு நல்ல விளைச்சல். ஒரு வியாபாரி வாசலில் கேனோடு நிற்க, கீழறை அடையையும் தேன் எடுக்கும் கருவியில் போட்டுச் சுற்றினேன். பதினாலு பெட்டி இருந்தது. ஆவணியில் திறந்து பார்த்தபோது ஐந்து மிச்சம். செத்த பெட்டிகளில் ஈக்கள் அடையின் அறைக்குள் தலையை விட்டபடி, வால் மட்டும் வெளியே தெரிய, வரிசையாக நின்ற நிலையில் கிடந்தன. கடைசிச் சொட்டுத் தேடி உள்ளே போய் அப்படியே செத்திருக்கின்றன. பட்டினிச் சாவுக்கு அதுதான் அடையாளம். நோய், விஷம் என்று வேறு எதையும் தேட வேண்டியதில்லை. ஆவணியில் சாகும் பெட்டி பெரும்பாலும் சித்திரையிலேயே செத்துவிட்டது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

எத்தனை சட்டம் இருந்தால் மழைக்காலத்தைத் தாண்டும்?

நியூட்டன் பெட்டியின் கீழறையில் ஏழு சட்டம். பெட்டிக்குள் எத்தனை அடை இருக்கிறது என்பது கணக்கே இல்லை. இரண்டு பக்கமும் ஈ மூடி நிற்கும் அடை எத்தனை என்றுதான் எண்ண வேண்டும். வைகாசி முதல் வாரத்தில் அப்படி ஐந்துக்கு மேல் இருந்தால் பெரிய கவலை இல்லை. நாலு என்றால் தீனி வைத்து ஒப்பேற்றலாம். மூன்று என்றால் இன்னொன்றோடு சேர்த்துவிடுங்கள். இரண்டு என்றால் நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.

சின்னக் குடும்பத்துக்கும் பெரிய குடும்பத்துக்கும் வீட்டுச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். புழு வளர 33 முதல் 36 டிகிரி வரை சூடு வேண்டும். மழை ஈரத்தில் அந்தச் சூட்டைக் காக்க ஈக்கள் புழு அடை மேல் போர்வை மாதிரி உட்கார்ந்தே இருக்க வேண்டும். வாசலில் காவல் வேண்டும், அடையைத் தின்னும் மெழுகுப்புழுவை இழுத்துப் போட ஆள் வேண்டும், பிள்ளைகளுக்கு ஊட்ட இளம் ஈ வேண்டும். ஐந்து சட்டக் குடும்பம் இதற்கெல்லாம் ஆள் கொடுத்த பிறகும் தீனி தேடப் போக நிறையப் பேர் மிஞ்சுவார்கள். மூன்று சட்டக் குடும்பத்தில் யாரும் மிஞ்சுவதில்லை. ஒரு மணி நேரம் மழை விட்டாலும், போய்வர ஆள் இருக்காது. நீங்கள் வைக்கும் பாகைக் குடித்துக்கொண்டே அது மெலிந்துபோகும்.

சேர்த்தால் பெட்டி எண்ணிக்கை குறைந்துவிடுமே?

குறையும். பத்துப் பெட்டி வைத்திருப்பவருக்கு ஆறாகக் குறையும். சேர்க்காமல் விட்டால் மழை முடிந்ததும் அந்தப் பத்து மூன்றாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மகரந்தம் வரத் தொடங்கியதும் ஆறு நல்ல குடும்பத்தைப் பிரித்துப் பன்னிரண்டாக்கலாம். பழகியவர்கள் எல்லாரும் பிரிப்பது அப்போதுதான். இதை ஒத்துக்கொள்ளப் பலருக்கு மனசு வருவதில்லை. மானியத்தில் கிடைத்த பெட்டி, காலியாக நிற்கக் கூடாதாம். பெட்டி காலியாக நிற்பதில் ஒரு கேடும் இல்லை. கழுவி வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள்.

சரி, சேர்ப்பது எப்படி? ஈக்கள் ஒன்றை ஒன்று கொன்றுவிடாதா?

நேரடியாகக் கொட்டினால் கொல்லும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வாசனை உண்டு, அது கலக்கக் கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு தாள் செய்தித்தாள் போதும்.

முதலில் இரண்டு பெட்டியையும் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். ஒரேயடியாகத் தூக்கி வைத்தால், வெளியே போன ஈ பழைய இடத்துக்கே திரும்பி வந்து அங்கே திண்டாடும். தினமும் சாயங்காலம் ஒன்றிரண்டு அடி நகர்த்துங்கள். இரண்டு ராணியில் எது மோசம் என்று பாருங்கள். முட்டையைச் சிதறலாக, இங்கொன்றும் அங்கொன்றுமாக வைப்பது எதுவோ அதைச் சேர்ப்பதற்கு முந்தின நாளே எடுத்துவிடுங்கள். கொல்ல மனம் வராமல் இரண்டையும் விட்டு, “ஜெயிக்கிறது இருக்கட்டும்” என்பவர்கள் உண்டு. ஜெயித்ததும் காயத்தோடு இருந்தால் என்ன செய்வீர்கள்?

மறுநாள் பொழுது சாய்ந்து ஈயெல்லாம் அடைந்த பிறகு, நல்ல ராணி இருக்கும் பெட்டியின் மேல்மூடியை எடுங்கள். கீழறை மேல் ஒரே ஒரு தாள் செய்தித்தாளை விரித்து, குண்டூசியால் பத்துப் பன்னிரண்டு துளை போடுங்கள். தாளில் ரெண்டு சொட்டு சீனிப்பாகு தடவலாம். அதன் மேல் ராணி இல்லாத குடும்பத்தின் புழு அறையை அடிப்பலகை நீக்கி அப்படியே தூக்கி வைத்து மூடிவிடுங்கள். இடுக்கு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அது வழியாகப் போய்க் கீழ்வாசலில் சண்டை நடக்கும். மறுநாள் காலையில் வாசலில் காகிதப் பொடி கிடக்கும். ஈ கடித்துத் துப்பிய துணுக்குகள், மரத்தூள் மாதிரி இருக்கும். அது கிடந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். மூன்றாம் நாள் திறந்து, ஈ மூடியிருக்கும் நல்ல அடைகளை எல்லாம் கீழறைக்கு மாற்றி, மேல் பெட்டியை எடுத்துவிடலாம்.

மழை பெய்யும் மாலையில் இதைச் செய்ய வேண்டாம். தாள் நனைந்து கிழிந்தால் எல்லாம் ஒரே நிமிஷத்தில் கலந்துவிடும்.

சீனிப்பாகு எந்த அளவில்? எத்தனை நாளுக்கு ஒரு முறை?

ஒரு கிலோ சீனிக்கு ஒரு லிட்டர் தண்ணீர். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்த பிறகு சீனியைக் கொட்டிக் கிளறுங்கள். சீனியோடு சேர்த்துக் கொதிக்க விட்டு அடியில் பிடித்துத் தீய்ந்தால் அந்தப் பாகு ஈக்கு ஆகாது. ஒன்றரை லிட்டருக்கு மேல் பாகு கிடைக்கும். பெட்டிக்கு வாரம் 200 மில்லி என்ற என் கணக்கில் எட்டுப் பெட்டிக்கு ஒரு வாரத்துக்கு வரும். இருபது வாரம் வைத்தாலும் ஒரு பெட்டிக்கு இரண்டரைக் கிலோ சீனிதான் செலவு. அந்தப் பெட்டியிலிருந்து சித்திரையில் எடுத்த தேனின் விலையை நினைத்துப் பார்த்துவிட்டு, இது வீண்செலவா என்று சொல்லுங்கள்.

பாத்திரத்துக்கு அலைய வேண்டாம். ஒரு சிரட்டை போதும். கண் இல்லாத பாதி, நன்றாகச் சுரண்டிக் கழுவியது. பாகை ஊற்றி, மேலே நாலைந்து ஈர்க்குச்சியோ கொஞ்சம் தென்னந்தும்போ போட்டு, மேல்மூடிக்கு அடியில் சட்டங்களின் மேல் வைத்துவிடுங்கள். குச்சி போடாவிட்டால் காலையில் சிரட்டைக்குள் ஐம்பது அறுபது ஈ மிதக்கும்.

இருட்டத் தொடங்கிய பிறகுதான் வைக்க வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் வையுங்கள். ஒரு சொட்டும் வெளியே சிந்தக் கூடாது. பகலில் ஒரு பெட்டிக்கு மட்டும் வைத்தால் பக்கத்துப் பெட்டிக்காரர்கள் மணம் பிடித்துக் கொள்ளைக்கு வருவார்கள். கொள்ளை தொடங்கிவிட்டால் சின்னக் குடும்பம் ஒரு மத்தியானத்தில் காலி. வாசலில் ஈக்கள் கட்டிப் புரண்டு கொண்டிருந்தால், உடனே வாசலை ஒரு ஈ நுழையும் அளவுக்குக் குறுக்கி, மேலே ஈரத்துணியைத் தொங்கவிடுங்கள்.

மறுநாள் காலை சிரட்டையைப் பாருங்கள். காலியாக இருந்தால் நல்லது. பாகு அப்படியே இருந்தால், அந்தக் குடும்பத்துக்குக் குறை பசி அல்ல. திறந்து ராணியைத் தேடுங்கள்.

கருப்பட்டிப் பாகு வைக்கலாமா? கடையில் வாங்கிய தேன்?

இரண்டும் வேண்டாம். கருப்பட்டி, வெல்லத்தில் ஈக்குச் செரிக்காத கசடு அதிகம். மழையில் வெளியே போய்க் கழிக்கவும் முடியாமல், பெட்டிக்குள்ளேயே பேதியாகும். அடையிலும் வாசலிலும் பழுப்புக் கோடு தெரியும். எங்கிருந்து வந்ததென்று தெரியாத தேனில் நோய்க்கிருமி இருக்கலாம். நமக்கு மருந்து, அதற்கு எமன். வெள்ளைச் சீனியே போதும்.

மகரந்தத்துக்கு என்ன வழி?

தென்னையும் கமுகும் வருஷம் முழுக்கப் பாளை விடும். தரிசில் மழைக்குத் தழைக்கும் தொட்டாச்சிணுங்கியும் இந்தக் காலத்தில் நல்ல மகரந்தம் தரும். காலை எட்டு மணிக்கு அந்த ரோஸ் நிறப் பூவில் ஈ உருண்டு புரள்வதைப் பார்க்கலாம். புல் வெட்டும் மிஷினை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வேலியில் கொடிரோஜா நட்டால் மதுரத்துக்கும் ஆகும். மழை பத்து நாள் விடாமல் அடித்தால் மட்டும் பொட்டுக்கடலை மாவையும் பொடித்த சீனியையும் உங்கள் பெட்டியில் எடுத்த தேனிலேயே பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருண்டையைச் சட்டத்தின் மேல் வையுங்கள். இரண்டு நாளில் தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள், பூசணம் பிடிக்கும்.

மழைக்காலத்தில் எத்தனை நாளுக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து பார்ப்பது?

வெயில் அடிக்கும் நாளில், பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே, பதினைந்து நாளுக்கு ஒரு முறை. ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். தீனி தேடப் போகிற ஈ எல்லாம் வீட்டில் இருக்கும் காலம், கொட்டும். திறக்காமலே தெரிந்துகொள்ள இரண்டு வழி உண்டு. பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் அரை அங்குலம் தூக்கிப் பாருங்கள், பழகினால் பாரத்திலேயே இருப்பு தெரியும். இரண்டாவது வழி அடிப்பலகை. எனக்கு அதுதான் பத்திரிகை மாதிரி.

வாரம் ஒரு முறை கீழறையை மெல்லத் தூக்கி ஓரமாக வைத்து, அடிப்பலகையில் கிடப்பதை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். வெளிர் மஞ்சள் மெழுகுச் சீவல் மெல்லிசாகக் கிடந்தால், மூடிய தேனைத் திறந்து சாப்பிடுகின்றன, இருப்பு கரைகிறது. கருத்த மெழுகு நொறுங்கல் குவியலாகக் கிடந்தால் பயப்பட வேண்டாம். இந்தியத் தேனீக்குப் பழைய அடை பிடிக்காது, தானே கடித்து உதிர்க்கும். அதே நொறுங்கலுக்குள் கடுகை நாலாக உடைத்த மாதிரி கறுப்பு உருண்டைகள் கலந்து, சிலந்தி நூல் போல ஒட்டினால், அது மெழுகுப்புழுவின் எச்சம். செத்த புழு வெளியே இழுத்துப் போடப்பட்டிருந்தால் நோய் பற்றிய கேள்விக்குப் போங்கள். நடுவில் சின்னத் துளை உள்ள கூம்பு மூடிகள் கிடக்கின்றனவா? அது ஆண் ஈ அறையின் மூடி. பங்குனியில் கிடந்தால் சகஜம். ஆடியில் கிடந்தால் ராணியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பார்த்த பிறகு பலகையைச் சுரண்டித் துடைத்து வையுங்கள். சுரண்டியதைப் பெட்டிக்கு அடியிலேயே தட்டிவிடாமல் அடுப்பில் போடுங்கள்.

மெழுகுப்புழு வந்துவிட்டது. மருந்து உண்டா?

உயிரோடு ஈ இருக்கும் பெட்டிக்குள் எந்த மருந்தும் அடிக்க வேண்டாம். ஈ மூடாத அடையில்தான் அந்தப் பூச்சி முட்டை வைக்கும். ஆகவே ஈ மூடாத அடை ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. மூன்று சட்டத்துக்குத்தான் ஈ இருக்கிறதென்றால் மூன்று சட்டம் மட்டும் வைத்து, பக்கத்தில் தடுப்புப் பலகை கொடுங்கள். சூடும் நிற்கும். எடுத்த பழைய அடையை “அடுத்த சீசனுக்கு ஆகும்” என்று சாக்கில் கட்டிப் பரணில் போட்டால் பரணில் புழுப் பண்ணைதான் வளரும். உருக்கி மெழுகாக்கிவிடுங்கள்.

எறும்பு, குளவி, பல்லி, தேரை?

எறும்புக்கு, தாங்கும் காலைச் சுற்றியுள்ள கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். மழையில் இலையும் சருகும் அதில் விழுந்து பாலமாகிவிடும் என்பதால் தினமும் பார்க்க வேண்டும். பழைய இஞ்சின் ஆயில் ஊற்றுவோர், மழையில் நிரம்பி வழிந்து மண்ணில் ஓடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். முசுறு மேலிருந்து வரும். பெட்டியைத் தொடும் ஒரு ரப்பர் இலை போதும் அதற்கு, கிளையை நறுக்கிவிடுங்கள்.

பெரிய குளவியை, எங்கள் பக்கம் கடந்தல் என்போம், சமாளிக்க இந்தியத் தேனீக்குத் தெரியும். வாசலில் வரும் ஒன்றை முப்பது நாற்பது ஈ பந்து போலச் சுற்றிக்கொண்டு, இறக்கைத் தசையை அதிரவிட்டு, உள்ளே 45 டிகிரிக்குச் சூடேற்றிக் கொல்லும். ஆனால் அதற்கு ஆள்பலம் வேண்டும். சின்னக் குடும்பத்துக்கு வாசலைச் சுருக்குவதும், பக்கத்தில் இருக்கும் கடந்தல் கூட்டைத் தெரிந்தவரை வைத்து அப்புறப்படுத்துவதும்தான் வழி. தேரை சாயங்காலம் வாசலுக்குக் கீழே வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நாக்கால் வழித்துத் தின்னும். தாங்கி முழங்கால் உயரத்துக்கு மேல் இருந்தால் அதற்கு எட்டாது.

மழை உள்ளே போகாமல் பெட்டியைப் பிளாஸ்டிக்கால் சுற்றிவிடலாமா?

கூடாது. ஈ மூச்சு விடும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே சொட்டும், அடை பூசணம் பிடிக்கும். மேலே மட்டும் நாலு பக்கமும் ஒரு சாண் நீட்டிக்கொண்டு நிற்கும்படி தகரமோ பழைய பிளக்ஸ் துண்டோ வைத்து, காற்றுக்குப் பறக்காமல் கல் வையுங்கள். கமுகம்பாளையும் நன்றாகத் தாங்கும். பெட்டியை முன்பக்கம் லேசாகச் சாய்த்து வைத்தால் உள்ளே போன தண்ணீர் வாசல் வழியே வடிந்துவிடும். வாசல் கிழக்கே பார்க்கட்டும், தென்மேற்குச் சாரல் முகத்தில் அடிக்காது. தேன் காலத்தில் ரப்பர் அடர்த்திக்குள் வைத்த பெட்டியை, மழைக்கு முன் தோட்டத்தின் ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே மழை நின்று இரண்டு மணி நேரமானாலும் மரம் சொட்டிக்கொண்டே இருக்கும், வெயிலும் விழாது.

நேற்று வரை இருந்த குடும்பம் இன்று காணவில்லை. செத்த ஈயும் இல்லை. என்ன நடந்தது?

ஓடிவிட்டது. இந்தியத் தேனீ பசி, எறும்பு, மெழுகுப்புழு, அடிக்கடி திறந்து தொந்தரவு செய்வது எதையும் ரொம்ப நாள் பொறுக்காது. இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே அடையாளம் காட்டும். ராணி முட்டையை நிறுத்தும், மகரந்தம் கொண்டுவருவது நிற்கும், இருக்கும் தேனைத் தின்று தீர்க்கும், கடைசிப் புழுவும் ஈயாகி வெளியே வந்ததும் ஒரு வெயில் நாளில் கிளம்பிவிடும். மூடாத புழு இருக்கும் அடையை விட்டுவிட்டு லேசில் போகாது. அதனால் சந்தேகம் வந்தால், நோயில்லாத வலுவான பெட்டியிலிருந்து இளம்புழு உள்ள சட்டம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, பாகும் வையுங்கள். வாசலில் ராணித் தடுப்பு (வேலைக்கார ஈ மட்டும் நுழையும் துளையுள்ள தகடு) மாட்டலாம், ஆனால் அது பத்து நாளுக்கான ஒட்டுப்போடும் வேலைதான். புணராத இளம் ராணி உள்ள பெட்டியில் மாட்டவே கூடாது. அது வெளியே போய்வர வேண்டியது. ஆண் ஈக்கள் தடுப்பில் சிக்கிச் செத்து வாசலை அடைக்கும், தினமும் தட்டிவிடுங்கள்.

ஒரே அறையில் மூன்று நாலு முட்டை இருக்கிறது. ராணி நிறைய முட்டை வைக்கிறதோ?

ராணி இல்லை. வேலைக்கார ஈக்களே முட்டை வைக்கத் தொடங்கிவிட்டன. அந்த முட்டையில் ஆண் ஈதான் வரும். மழைக்காலத்தில் புது ராணி வளர்த்தாலும் அதற்குப் பறக்க வெயிலும் ஆண் ஈயும் கிடைப்பது அரிது. இதைத் திருத்திக்கொண்டு உட்காராமல், வலுவான குடும்பத்தோடு மேலே சொன்னபடி சேர்த்துவிடுங்கள்.

புழுக்கள் பை மாதிரி ஊதி நிமிர்ந்து கிடக்கின்றன. இது அந்தப் பழைய நோயா?

ஆம், தாய் (தாய்லாந்து) சாக்புரூட் வைரஸ் நோய். 1991, 92இல் தென்னிந்தியா முழுக்கப் பரவி, இந்த மாவட்டத்தில் தொழிலையே துடைத்துப்போட்ட நோய். 1920களில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையத்தின் வழியாக வீட்டுக்கு வீடு பரவிய பெட்டிகள் அப்போது கொல்லைப்புறத்தில் காலியாகக் கிடந்தன. கோழி அடைகாக்க வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கு மருந்து கிடையாது. மஞ்சள், பூண்டு என்று யார் எதை விற்றாலும் வாங்காதீர்கள். தப்பிப் பிழைத்த குடும்பங்களிலிருந்து பெருக்கியதால்தான் இன்று மீண்டும் பெட்டி நிற்கிறது.

நோய் கண்ட பெட்டியின் சட்டத்தை இன்னொன்றுக்கு மாற்றக் கூடாது, அதைச் சேர்க்கவும் கூடாது. புழு அடையை எடுத்து எரித்து, ராணியைக் கூண்டில் சில நாள் அடைத்து முட்டையை நிறுத்தி, பாகு மட்டும் வையுங்கள். வலுவான குடும்பமாக இருந்தால் சில நேரம் மீளும். அதைத் தொட்ட கையோடு அடுத்த பெட்டியைத் திறக்காதீர்கள்.

மே மாதம் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

தேன் எடுத்து முடித்தவர், மழைக்காலச் செலவை உங்கள் தலையில் கட்டுகிறார். அதனால்தான் மலிவு. ஐந்து சட்டம் ஈயோடு காட்டினால் வாங்குங்கள். புதிதாகத் தொடங்குபவர் கார்த்திகை வரை பொறுப்பது நல்லது.

கொட்டாத கொசுத்தேனீக்கும் இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். பானையிலோ மூங்கிலிலோ இருப்பதை நனையாமல் தூக்கிக் கட்டிவிட்டு, ஆடியில் தேன் எடுக்காமல் இருந்தால் போதும்.

கொடைக்கானலில், அல்லது கனடாவில் இருக்கிறேன். எனக்கு?

மேல்மலையில் மார்கழி, தை உறைபனிதான் உங்கள் ஆடி. சேர்ப்பதும் சட்டத்தைக் குறைப்பதும் அப்படியே பொருந்தும். உள்மூடி மேல் சாக்கு மடித்துப் போட்டு, காலை வெயில் விழும் சரிவில் பெட்டியை வையுங்கள்.

கனடா கதை வேறு. அங்கே இருப்பது மேற்கத்தியத் தேனீ. வெளிக்குளிர் 14 டிகிரிக்குக் கீழே போனதும் ராணியை நடுவில் வைத்துப் பந்தாகக் கூடி, தசையை அதிரவைத்துச் சூடு உண்டாக்கும். தூங்குவதில்லை, தேனைத் தின்றுகொண்டே இருக்கும். இலையுதிர்காலத்தில் பிறக்கும் ஈ அங்கே ஐந்தாறு மாதம்கூட உயிரோடு இருக்கும். அந்தத் தலைமுறை பிறக்கும் முன்பே வரோவா உண்ணியைக் கட்டுப்படுத்தியிருக்க வேண்டும். பாகு இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர், குளிர் இறங்கும் முன்பே கொடுத்து முடித்துவிட வேண்டும். பிறகு கட்டிச் சீனிதான். சின்னக் குடும்பம் என்றால் இரண்டை ஒரே பெட்டியில் நடுவே மெல்லிய பலகை வைத்து அடுத்தடுத்து குடியிருத்துவார்கள். இரண்டு பந்தும் அந்தப் பலகையை ஒட்டியே வந்து உட்கார்ந்து ஒன்றின் சூட்டில் ஒன்று காயும்.

தீனியை எப்போது நிறுத்துவது?

ஐப்பசியில் மழை இடைவெளியில் கால் நிறைய மகரந்தத்தோடு ஈ வருவதைப் பார்த்ததும் பாதியாகக் குறையுங்கள். புழு பெருக அந்தக் கொஞ்சம் உதவும். மார்கழியில் ரப்பர் இலை சிவந்து உதிரத் தொடங்கியதும் அடியோடு நிறுத்திவிடுங்கள். மேலறை ஏற்றிய பிறகு ஒரு சிரட்டை பாகு வைத்தாலும் அது உங்கள் தேனுக்குள்தான் போய்ச் சேரும். சிரட்டையை எல்லாம் எடுத்து, கழுவி, தாழ்வாரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தளிரைப் பார்த்துக்கொண்டு இருங்கள்.